ஏரிக்கரையில் ஒரு வாய்தா

அக்டோபர் 25, புதன்

ஆயுத பூஜை முடிந்தது. அலமாரியில் தொங்கும் கறுப்புக் கோட்டுக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தேன். சேலம் நீதிமன்றத்தில் சிவில் பக்கம் ஆயுள் முழுக்க வாதாடிய கோட்டு. ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் பயமுறுத்தியதில் போன வருடம் தொழிலை விட்டேன். அன்றிலிருந்து இந்த நாட்குறிப்புதான் எனக்குக் கட்சிக்காரர், எதிர்க்கட்சிக்காரர், நீதிபதி எல்லாம்.

நாளை ஏற்காடு. கோர்ட்டுக்கு தசரா விடுமுறை விட்டதும் ஏற்காடு போவது கல்யாணமான வருடத்திலிருந்து வழக்கம். அதே ஏரி, அதே லாட்ஜ், ஏரியைப் பார்த்த அதே மாடி அறை. "வேற எங்கயாச்சும் போலாமே" என்று என் மனைவி மங்கையர்க்கரசி ஆரம்பத்தில் ஒன்றிரண்டு தடவை சொன்னாள். தெரிந்த இடத்தில்தான் உடம்பு ஓய்வெடுக்கும் என்று எடுத்துச் சொன்னேன். அதற்கப்புறம் அவள் சொல்வதில்லை.

இந்த வருடம் அறை பதிவு செய்தது பெங்களூரில் இருக்கும் மகள் சுகன்யா. போனில் ஒரு நிபந்தனை வேறு.

"அப்பா, அங்க போனதும் அம்மா உங்ககிட்ட ஒண்ணு கேப்பாங்க. தயவுசெஞ்சு நடுவுல பேசாம முழுசா கேளுங்க."

"என்ன கேக்கப் போறா?"

"பாத்தீங்களா, அதையும் என்கிட்டதான் கேக்கறீங்க. அம்மாவே சொல்லட்டும்."

மங்கையும் நவராத்திரி தொடங்கியதிலிருந்து "உங்ககிட்டப் பேசணுங்க" என்று பின்னாலேயே வருகிறாள். ஏற்காட்டில் ஆற அமரப் பேசிக்கொள்ளலாம் என்று வாய்தா வாங்கி வைத்திருக்கிறேன். வாய்தா என்றால் வெறும் தள்ளிப்போடுதல் என்று ஊரில் நினைக்கிறார்கள். அனுபவப்பட்டவனுக்குத் தெரியும், பாதி வழக்குகள் வாய்தாவிலேயே உயிரை விட்டுவிடும்.

அவள் என்ன கேட்பாள் என்று எனக்கா தெரியாது? ஜூலையிலிருந்தே முகம் சரியில்லை. போன் வந்தால் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறாள். எங்கள் தெருக்கோடி தாசில்தார் சம்சாரம் இந்த வயதில் புருஷனை விட்டுவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். அந்தக் காற்று இந்த வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. தனியாகப் போகிறேன் என்று சொல்லப் போகிறாள், அவ்வளவுதான். கேட்டால்தானே பதில் சொல்ல வேண்டும்? மூன்று நாளும் நன்றாகச் சுற்றிக் காட்டி, பேச இடம் கொடுக்காமல் கூட்டி வந்துவிட்டால் மனசு மாறிவிடும்.

மின்சார அடுப்பை எடுத்து வைத்தாளா என்று கேட்டேன். ஓட்டல் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளாது. வருடா வருடம் அறையிலேயே ஒரு ரசம், ஒரு துவையல் வைத்துவிடுவாள்.

"இந்த வாட்டி அடுப்பு வேண்டாங்க" என்றாள்.

விட்டுக்கொடுத்தேன். பெரிதாக நினைக்கவில்லை.

அக்டோபர் 26, வியாழன்

ஏற்காடு. நல்ல குளிர். மழை வருவதும் போவதுமாக இருக்கிறது.

வாடகைக் காரில் வந்தோம். டிரைவர் அடிவாரத்தைத் தாண்டியதும் பின்னால் திரும்பி, "அம்மா, வளைவுல வாந்தி வருங்களா, நிறுத்தி நிறுத்திப் போகட்டுங்களா?" என்று கேட்டார். "அதெல்லாம் வராது, நீங்க ஓட்டுங்க" என்றேன். பாதி மலையில் மங்கை வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, பாறை ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். காலையில் எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளாதது அவள் தப்பு.

அவள் பெட்டி என்ன கனம் கனக்கிறது! லாட்ஜ் ஆள் வேறு வேலையாக இருந்ததால் நானே மாடிக்குத் தூக்கினேன். கொதிப்பு இருக்கிறவன் தூக்கலாமா என்று ஒரு வார்த்தை வரவில்லை. "மூணு நாளைக்கு இவ்வளவு துணியா?" என்று கேட்டேன். "குளிருங்க" என்றாள். இத்தனை வருடமாக இதே குளிர்தான்.

சுகன்யா கெட்டிக்காரி. இரட்டைக் கட்டில் அறைக்குப் பதிலாக இரண்டு ஒற்றைக் கட்டில் போட்ட அறையாகப் பதிவு செய்திருக்கிறாள். ஒன்று இந்தச் சுவர் ஓரம், இன்னொன்று அந்த ஜன்னல் ஓரம். மேனேஜரைக் கூப்பிட்டு இரண்டையும் சேர்த்துப் போடச் சொன்னேன். அவர் மங்கையைப் பார்த்து, "மேடத்துக்கு அப்படியே இருந்தா..." என்று இழுத்தார். "மேடத்துக்கு இதான் வசதி" என்று நான் சொன்னதும் தள்ளிப் போட்டுவிட்டுப் போனார். நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. போர்வையை மடித்துச் செருகினேன்.

சாயங்காலம் ஏரியைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தபடி ஆரம்பித்தாள்.

"ஏங்க, சுகன்யா சொல்லியிருப்பாளே."

"வந்த களைப்பு தீரட்டும் மங்கை. ஏரியப் பாரு. இந்தப் பனி வேற எங்க கிடைக்கும்?"

பார்த்தாள். அவள் ஏரியைப் பார்க்கவில்லை, அதற்கு மேலே சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் ஓடு போட்ட கட்டடம் ஒன்று தெரிகிறதே, அதைப் பார்த்தாள். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் விடுதி. பூஜை விடுமுறை போலிருக்கிறது, சத்தமே இல்லை.

முதல் வாய்தா.

அக்டோபர் 27, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதி வைக்க வேண்டும்.

காலை டிபனுக்கு வழக்கமான கடை. ஏரிக்கரையில் படகு இல்லத்துக்கு எதிரே. பரிமாறும் செல்வமணி எங்களை வருடா வருடம் பார்க்கிறவர். "வழக்கம் போல ரெண்டு பொங்கலுங்களா சார்?" என்றார். ஆமாம் என்றேன். அவர் உள்ளே திரும்பியதும் மங்கை சொன்னாள், "எனக்குப் பொங்கல் வேண்டாங்க. தோசை. முறுகலா."

"உனக்குத்தான் பொங்கல் பிடிக்குமே" என்றேன்.

"எனக்குப் பிடிக்கும்னு யாரு சொன்னா?"

யார் சொன்னார்கள்? நானேதான் வருடா வருடம் சொல்லியிருக்கிறேன். பிடிக்காததை இத்தனை வருடம் ஒருத்தி தின்றுகொண்டிருந்தாள் என்றால் குற்றம் யாருடையது? ஆட்சேபம் இருந்தால் அப்போதே எழுப்ப வேண்டும். தோசை வந்தது. ஓரத்திலிருந்து சின்னச் சின்னதாகப் பிய்த்து, பொறுமையாக, ஏதோ முதல் தடவை தோசையைப் பார்க்கிறவள் போலச் சாப்பிட்டாள். எனக்குப் பொங்கல் இறங்கவில்லை.

பிறகு படகு. டிக்கெட் வாங்கிவிட்டேன். "எனக்குத் தண்ணின்னா பயங்க, உங்களுக்குத் தெரியும்" என்றாள். வருடா வருடம் இதைத்தான் சொல்லுவாள், வருடா வருடம் ஏறி உட்காருவாள். இந்தத் தடவை ஏறவில்லை. படகுக்காரரும் வரிசையில் நின்றவர்களும் பார்க்கிறார்கள். நான் ஒருவன் மட்டும் போய் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினேன். நடு ஏரியிலிருந்து கை அசைத்தேன். கரையில் சுண்டல்காரியிடம் நின்று ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, அல்லது கவனிக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதை எழுதி வைப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

எல்லாவற்றுக்கும் மூலம் ஜூலை மாதம் அந்த எலும்பு டாக்டரம்மாவிடம் போனதுதான். முழங்கால் வலிக்கிறது என்று ஒரு வருடமாக மங்கை சொல்லிக்கொண்டிருந்தாள். நானே தைலம் வாங்கி, ராத்திரி டி.வி. பார்த்துக்கொண்டே காலுக்குத் தேய்த்தும் விட்டிருக்கிறேன். எந்தப் புருஷன் தேய்த்துவிடுவான்? டாக்டரம்மா அவளைப் பார்த்து, "எந்தக் கால்மா வலிக்குது?" என்று கேட்டார்.

"இடது" என்றேன்.

"வலதுங்க" என்றாள் அவள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். பெரிய பெரிய நீதிபதிகள் என்னை வெளியே போகச் சொன்னதில்லை. மருந்துக் கடை முன்னால் போட்டிருந்த பெஞ்சில், இருமுகிற ஒரு கிழவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள். முழங்காலைப் பற்றி அவ்வளவு பேச என்ன இருக்கிறது?

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஒரு வருஷமா இடது கால்ல தேச்சுவிட்டேனே, அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேங்க. முதல் நாளே சொன்னேன். நல்லா யோசிச்சுச் சொல்லுன்னீங்க."

எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாததை ஒப்புக்கொள்ள நான் என்ன விவரம் தெரியாத கட்சிக்காரனா?

சாயங்காலம் லேடீஸ் சீட் மலைமுனையில் கீழே சேலத்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது மறுபடி எடுத்தாள். "இப்பவாச்சும் கேக்கறீங்களா? ரெண்டே நிமிஷம்." அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. "முதல்ல வண்டியில ஏறு, நனையாத" என்றேன். வண்டியில் டிரைவர் இருந்தார். அறையில் எனக்குத் தலைவலி. உண்மையாகவே தலைவலி.

அக்டோபர் 28, சனி

விடிந்ததும் நடந்துவிட்டு வருகிறேன் என்று மங்கை தனியாக ஏரியைச் சுற்றப் போனாள். போனை சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தாள். நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அது அடித்தது. எங்கள் வீட்டில் யார் போன் அடித்தாலும் எடுப்பது நான். இது இன்று நேற்றுப் பழக்கம் இல்லை.

ஒரு பெண் குரல். "மங்கையர்க்கரசி மேடங்களா?"

"அவங்க வீட்டுக்காரர் பேசறேன். வக்கீல் சதாசிவம். சொல்லுங்க."

"வணக்கம் சார். நான் ஹெலன், கேர்ள்ஸ் ஹாஸ்டல் நிர்வாகி. வார்டன் வேலை விஷயமா மேடம் நேத்தே இங்க வர்றேன்னாங்க, வரல. பசங்க திங்கட்கிழமை வந்துருவாங்க. மேடம் சேர்ந்துக்கறாங்களான்னு இன்னிக்குத் தெரியணும், இல்லன்னா வேற ஒருத்தர்..."

அப்போதுதான் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது. மொட்டை மாடிப் போன், கனத்த பெட்டி, ஓடு போட்ட கட்டடம். ஆக, மகள் வீட்டுக்குக்கூட இல்லை. யாரோ பெற்ற பிள்ளைகளுக்கு விளக்கணைக்கவும் தலை வாரவும் என்னை விட்டுப் போகிறாள். கல்யாணத்துக்கு முன்னால் ஆத்தூரில் ஒரு பெண்கள் விடுதியில் இதே வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நிச்சயமான கையோடு நான்தான் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். நல்ல ஆங்கிலம். அவள் கையெழுத்து மட்டும் போட்டாள்.

நான் அமைதியாகத்தான் பேசினேன். "அவங்களுக்கு அதுல விருப்பம் இல்லைங்க. மனசு மாறிட்டாங்க. நீங்க வேற ஆளப் பாத்துக்கங்க."

"ஒரு வார்த்தை அவங்ககிட்டக் கேட்டுட்டா..."

"நான் சொன்னா அவங்க சொன்ன மாதிரிதான்."

வைத்துவிட்டேன். வந்த அழைப்பையும் போனிலிருந்து அழித்தேன். இதில் பொய் எங்கே இருக்கிறது? ஒரு குடும்பத்தில் ஒருவர் இன்னொருவர் சார்பில் பேசுவது வழக்கம்தான். கட்சிக்காரர் கூண்டில் ஏறி உளறாமல் காப்பாற்றுவதற்குத்தானே வக்கீல்? அவளுக்கு முழங்கால் வலி. மலைக்குளிர். இந்த வயதில் நூறு பிள்ளைகள் பின்னால் ஓட முடியுமா? அவளுக்கே ஒருநாள் இது புரியும்.

கொதிப்பு மாத்திரையைச் சீக்கிரமே போட்டுக்கொண்டேன்.

வெயில் ஏறியபிறகு வந்தாள். புடவை ஓரமெல்லாம் சேறு, முகத்தில் ஒரு தெளிவு. துண்டை எடுத்துக் கொடுத்தேன். போனை எடுத்துப் பார்த்தாள்.

"யாராச்சும் கூப்பிட்டாங்களாங்க?"

"இல்லையே."

தலையைத் துவட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் செய்தித்தாளைப் பிரித்தேன்.

இன்று அவளை ராணி மாதிரி பார்த்துக்கொண்டேன். டிபனுக்கு நானே "அம்மாவுக்கு முறுகல் தோசை" என்று சொன்னேன். சேர்வராயன் கோவிலுக்குக் கூட்டிப்போனேன். உச்சியில் காற்று பேய்த்தனமாக அடித்தது. குகைக்குள் குனிந்து போய்க் கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் மறுபடி கேட்டாள். "காலைல போன் அடிச்ச மாதிரி இருந்துச்சுன்னு லாட்ஜ் பையன் சொன்னான். யாருங்க?"

"அதுவா, ஏதோ விளம்பரக்காரி. வெச்சுட்டேன்."

கோவில் வாசலில் பொய் சொல்லலாமா என்று கேட்டால், விளம்பரம்தானே அது? ஆள் பிடிக்கிற விளம்பரம்.

கடைவீதியில் அவளுக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கினேன். மிளகு வாங்கினாள், எனக்கு ரசத்துக்கு. அது எனக்கு மிகவும் நிம்மதியாக இருந்தது. ரசம் வைக்க நினைக்கிறவள் வீட்டுக்குத்தானே வருவாள்.

சாயங்காலம் ஏரிக்கரை பெஞ்சில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம். விளக்குப் போட்டுவிட்டார்கள், தண்ணீரில் மஞ்சளாக ஆடியது. மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

"என்கிட்டச் சொல்ல வேண்டியது ஏதாச்சும் இருக்குங்களா?"

"எனக்கென்ன இருக்கு? நீதான் ஏதோ பேசணும்னு சொல்லிட்டே இருந்த. இப்பப் பேசு. முழுசாக் கேக்கறேன்."

இனிமேல் கேட்பதில் நஷ்டம் இல்லை. அவள் கையிலிருந்த பஜ்ஜியைத் தாளோடு மடித்துப் பக்கத்தில் வைத்தாள்.

"நாளைக்குப் பேசலாங்க" என்றாள்.

அவள் வாய்தா கேட்டது இதுதான் முதல் தடவை. தோற்றுப்போன கட்சி அப்படித்தான் கேட்கும். கொடுத்தேன்.

அக்டோபர் 29, ஞாயிறு. சேலம், வீடு

எழுதத்தான் வேண்டும். எழுதாமல் விட்டால் நாளைக்கு எனக்கே சாட்சி இருக்காது.

காலையில் அறையைக் காலி செய்தோம். அவள் பெட்டியை நான்தான் மாடியிலிருந்து இறக்கினேன். டிரைவர் டிக்கியில் வைத்தார். வண்டி ஏரியைத் தாண்டியதும், "தம்பி, இடது பக்கம் மேல ஏறுங்க" என்றாள் மங்கை. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இரும்புக் கதவு முன்னால் வண்டி நின்றது. அவள் இறங்கினாள். நானும் இறங்கினேன்.

"இப்பச் சொல்றேன்" என்றாள். நான் வாயைத் திறந்தேன். கையைக் காட்டினாள். சத்தம் போடவில்லை. சும்மா கையைக் காட்டினாள்.

"நேத்துக் காலைல நான் நடந்து வந்தது இங்கதான். நான் கேட்டுக்குள்ள நுழையறேன், ஹெலன் மேடம் அப்பத்தான் போனக் கீழ வெக்கிறாங்க. உங்களுக்கு விருப்பமில்லைன்னு உங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாரேம்மான்னு கேட்டாங்க. எனக்கு மானமே போச்சு. அவங்க முன்னாடி நின்னுட்டு, எனக்கு விருப்பம் இருக்குதுங்கன்னு நானே சொன்னேன். என் வாயால நானே."

"மங்கை, உன் நல்லதுக்கு..."

"முழுசாக் கேக்கறேன்னீங்க."

டிரைவர் கண்ணாடியைத் துடைப்பது போல அந்தப் பக்கம் போனார்.

"உங்ககிட்ட என்ன கேக்கணும்னு இருந்தேன் தெரியுங்களா? திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் இங்க. சனி, ஞாயிறு வீட்டுக்கு வந்துருவேன். அந்த அஞ்சு நாளைக்கு உங்களுக்குச் சமைக்க மேட்டுத் தெரு பார்வதியக்காகிட்டப் பேசி வெச்சிருந்தேன், உப்புக் கம்மியா, உங்களுக்கு ஒத்துக்கற மாதிரி. உங்களக் கேக்காம சேர வேண்டாம்னுதான் இத்தன நாள் உங்க பின்னாடியே சுத்துனேன். அவ்வளவுதாங்க. ரெண்டு நிமிஷம்."

வழக்கே வேறு. எதிர்த்தரப்பின் மனுவைப் படிக்காமல் நான் எதற்கோ பதில் தாக்கல் செய்திருக்கிறேன்.

"சரி, அப்படியே செய்யேன்" என்றேன். "யாரு வேண்டாம்னா? திங்கள் டு வெள்ளி. நல்ல ஏற்பாடுதான்."

"நேத்து மூணு வாட்டி கேட்டேன். கோவில்ல வெச்சுக் கேட்டேன். ஒரே ஒரு வாட்டி, ஆமா மங்கை, போன் வந்துச்சு, கோவத்துல ஏதோ சொல்லிட்டேன்னு சொல்லியிருந்தீங்கன்னா, இன்னிக்கும் அதையேதான் கேட்டிருப்பேன்."

"இப்பச் சொல்றனே."

"இப்ப எனக்குத் தெரிஞ்சு போனதால சொல்றீங்க."

டிக்கியைத் திறந்து பெட்டியை அவளே இறக்கினாள். கனம் தாங்காமல் வலது காலை ஊன்ற முடியாமல் சாய்ந்தாள். நான் கை கொடுக்கப் போவதற்குள் காவலாளி ஓடி வந்து வாங்கிக்கொண்டார். தோள்பையிலிருந்து மிளகுப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"பார்வதியக்கா நாளைல இருந்து வருவாங்க. இத அவங்ககிட்டக் குடுத்துருங்க."

"சனிக்கிழமை வருவியா?"

"வரலைங்க."

"அடுத்த சனி?"

கேட்டைத் திறந்து உள்ளே போனாள். நான் வாங்கிக் கொடுத்த சால்வை வண்டியின் பின் சீட்டிலேயே கிடந்தது. மலை இறங்கும்போது டிரைவர், "சார், வளைவுல மெதுவாப் போகட்டுங்களா?" என்று கேட்டார். அவராகவே மெதுவாகப் போனார்.

அக்டோபர் 30, திங்கள்

பார்வதியக்கா வந்து சமைத்துவிட்டுப் போனார். ரசம் நன்றாகத்தான் இருந்தது. அதுவே கோபமாக வந்தது.

நவம்பர் 3, வெள்ளி

சுகன்யாவிடம் பேசினேன். நான் என் தரப்பை முழுவதும் எடுத்துச் சொன்னேன். முழங்கால், குளிர், வயது எல்லாம். கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "அப்பா, இவ்வளவு நேரமும் அம்மாவுக்கு எது நல்லதுன்னு நீங்க நினைக்கறதத்தான் சொன்னீங்க. வெச்சுடறேன், ஆபீஸ்ல இருக்கேன்" என்றாள்.

இவளைப் பெற்றது என்னையே எதிர்த்து வாதாடுவதற்கா?

நவம்பர் 5, ஞாயிறு

நேற்று சனிக்கிழமை. வரவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். இருந்தும் சாயங்காலம் வாசல் விளக்கைப் போட்டு வைத்தேன். பக்கத்து வீட்டு ரங்கநாயகி, "அக்கா எங்கங்கண்ணா, ஆளையே காணோம்?" என்று கேட்டார். ஏற்காட்டில் ஒரு விடுதியில் பொறுப்பு எடுத்திருக்கிறாள், நான்தான் போகச் சொன்னேன் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் மறுபடி அவளுக்காக நானே பேசியிருக்கிறேன் என்று உறைத்தது.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. சுகன்யாவும் மாப்பிள்ளையும் பெங்களூரிலிருந்து காலையில் வந்து காலில் விழுந்துவிட்டு மலைக்குப் போய்விட்டார்கள். ஊருக்குப் போக முடியாத பிள்ளைகள் சிலர் விடுதியிலேயே இருக்கிறார்களாம். அவர்களோடு அம்மா பட்டாசு வெடிக்கிறாளாம். மங்கைக்குப் பட்டாசு என்றால் பயம் என்றேன். "யாருப்பா சொன்னா?" என்றாள் சுகன்யா.

நவம்பர் 14, செவ்வாய்

தைலம் காலி. இத்தனை நாளும் என் காலுக்குத்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு வலியும் இல்லை. டி.வி. முன்னால் உட்கார்ந்தால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. மருந்துக் கடையில் புதிதாக ஒரு பாட்டில் வாங்கினேன்.

நவம்பர் 18, சனி

இன்று ஏற்காடு போனேன். காரில் இல்லை, பஸ்ஸில். ஜன்னலோர சீட் கிடைத்தும் ஏழாவது வளைவில் வயிறு புரட்டியது. எலுமிச்சம்பழம் எடுத்துப் போகவில்லை.

ஏரிக்கரையில் செல்வமணி, "தனியாவா வந்தீங்க சார்? ரெண்டு பொங்கலுங்களா, ஒண்ணுங்களா?" என்றார். ஒன்றும் சாப்பிடவில்லை. ஏரியைப் பார்த்த பெஞ்சில் கொஞ்சம் உட்கார்ந்து, என்ன சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டேன். தப்பு என்னுடையது என்று ஒரு வரி வைத்தேன். பிறகு அதற்கு முன்னால் இரண்டு காரணங்கள் வைத்தேன். பிறகு காரணங்களை எடுத்துவிட்டேன். மேலே ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது.

கேட்டில் அதே காவலாளி. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் கேட்டார்.

"யாருங்க?"

"மங்கையர்க்கரசி வீட்டுக்காரர்."

"வார்டன் மேடத்துக்குங்களா? இருங்க, கேட்டுட்டு வர்றேன்."

உள்ளே பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடும் சத்தம். அதற்கு மேல் ஒரு குரல், "செருப்ப வரிசையா விடுங்க பாப்பா, எத்தன வாட்டி சொல்றது" என்று. மங்கையின் குரல்தான். அவ்வளவு சத்தமாக அவள் பேசி எங்கள் வீட்டில் நான் கேட்டதில்லை. காவலாளி திரும்பி வந்தார்.

"என்ன விஷயம்னு கேக்கச் சொன்னாங்க."

பெஞ்சில் உட்கார்ந்து வரிசைப்படுத்தியதில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"ஒண்ணு பேசணும்னு சொல்லுங்க. ரெண்டு நிமிஷம்."

மறுபடி போனார். மறுபடி வந்தார். "பிள்ளைங்க சாப்படற நேரமுங்க. அப்புறம் பேசலாம்னாங்க."

"அப்புறம்னா எப்ப?"

"அது சொல்லலீங்க."

நான் வாங்கிய வாய்தாவுக்கெல்லாம் தேதியாவது இருந்தது. உள்ளே தட்டுகள் மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு பையிலிருந்து தைலப் பாட்டிலை எடுத்துக் கம்பி வழியாகக் காவலாளியிடம் கொடுத்தேன்.

"இத அவங்ககிட்டக் குடுங்க. வலது முழங்காலுக்குன்னு சொல்லுங்க. வலது. மறந்துறாதீங்க."

அவர் பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவங்க கால்தானுங்களே சார், எந்தக் கால்னு அவங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார்.

இறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது.